வாசகர் பதிவுகளை மாற்றும்போது எதை விட்டுவிட்டு வர வேண்டும்

ஒரு நூலகம் தன் மென்பொருளை மாற்றப் போகிறது என்றால், முதல் கூட்டத்தில் எழும் கேள்விகள் எல்லாம் புத்தகப் பட்டியலைப் பற்றியே இருக்கும். நூல் விவரங்கள் ஒன்றுகூடத் தவறாமல் வந்து சேருமா, தேடினால் கிடைக்குமா, அட்டைப் படம் தெரியுமா என்று கேட்பார்கள். நியாயமான கவலைதான். ஆனால் இந்த வேலையைத் தொடர்ந்து செய்துவரும் எனக்கு நூல் விவரங்கள் பெரிய பயத்தைத் தருவதில்லை. உறுப்பினர் பதிவுகள் இருக்கும் கோப்பைத் திறக்கும்போதுதான் கை கொஞ்சம் நிதானமாகிறது. அதில் இருப்பது மனிதர்கள். அவர்கள் வீடு எங்கே, எப்போது பிறந்தார்கள், யாருடைய பிள்ளைகள், எவ்வளவு பாக்கி வைத்திருக்கிறார்கள், என்ன படித்தார்கள் என்பது வரை எல்லாம் அதில் இருக்கும்.

நூல் விவரத்துக்கு மார்க் என்ற பொது வடிவம் இருக்கிறது. 1960-களில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் ஹென்ரியட் ஏவ்ரம் தலைமையில் உருவானது. அதன் இன்றைய வடிவமான மார்க் 21-இல் உள்ள பதிவு எந்த நாட்டிலிருந்து வந்தாலும் தலைப்பு 245-ஆம் புலத்தில், அதாவது அந்த எண்ணிட்ட பெட்டியில் இருக்கும், முதன்மை ஆசிரியர் 100-ஆம் புலத்தில் இருப்பார். பழைய மென்பொருளிலிருந்து அந்த வடிவத்தில் எடுத்துப் புதியதில் ஏற்றுவதில் உழைப்பு இருக்கும், ஆனால் பாதை ஏற்கெனவே போட்டிருக்கிறது. வாசகர் பதிவுக்கு அப்படி எல்லாரும் பின்பற்றும் வடிவம் எதுவும் இல்லை. சிப்2, என்சிப் என்ற நெறிமுறைகளைச் சிலர் நினைவுபடுத்துவார்கள். ஒரு தானியங்கி இரவல் இயந்திரம் நூலக மென்பொருளிடம் ‘இந்த அட்டைக்காரர் புத்தகம் எடுக்கலாமா’ என்று கேட்டுப் பதில் வாங்குவது போன்ற உரையாடலுக்கு உருவானவை அவை. மொத்த உறுப்பினர் பட்டியலையும் பெயர்த்துக் கொண்டுபோவது அவற்றின் வேலை இல்லை. அதனால் ஒவ்வொரு மாற்றத்திலும் எந்தப் புலம் எங்கே போகும் என்பதை ஆட்கள் உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

பழைய மென்பொருள் தரும் கோப்பின் உருவமே ஒன்றுபோல் ஒன்று இருக்காது. சிம்பொனி என்ற நூலக மென்பொருளில் ஒரு உறுப்பினர் பல வரிகளாக வருவார். ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் புலத்தின் பெயர் புள்ளிகளுக்கு நடுவே இருக்கும், ஆளுக்கு ஆள் நடுவே ஒரு எல்லைக்கோட்டு வரி வரும். இன்னொவேட்டிவ் நிறுவனத்தின் மென்பொருளில் முகவரி முழுவதும் ஒரே வரியில் இருக்கும், வரி பிரியும் இடத்தில் டாலர் குறி நிற்கும். வாயேஜர் வகையில் இத்தனையாவது எழுத்திலிருந்து இத்தனையாவது எழுத்து வரை இந்த விவரம் என்று இடத்தைக் கணக்கிட்டு எடுக்க வேண்டும். இதையெல்லாம் பிரித்து எடுக்கும் நிரலை எழுதுவது சுவாரசியமான வேலை. ஆனால் எல்லாரும் நினைப்பதற்கு மாறாக, மொத்தத்தில் அது சிறிய பங்குதான்.

கடினமானது உள்ளே இருக்கும் நினைப்பு வேறுபாடு. எவர்கிரீன் மென்பொருள் 2006-ல் ஜார்ஜியா மாநிலப் பொது நூலகங்களின் பைன்ஸ் கூட்டமைப்புக்காக வந்தது. அதில் ஆள் ஒரு அட்டவணையில் இருப்பார், அவருடைய அட்டைகள் வேறொரு அட்டவணையில் இருக்கும். ஒருவருக்கு எத்தனை அட்டைகளும் இருக்கலாம். எது செல்லும், எது செல்லாது என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் குறி உண்டு. கோஹா என்ற இன்னொரு நூலக மென்பொருளில் அட்டை எண் என்பது உறுப்பினர் வரிசையிலேயே இருக்கும் ஒரு புலம். ஆளுக்கு ஒரு எண். இப்போது முதல் வகையிலிருந்து இரண்டாவது வகைக்குப் போகும்போது என்ன ஆகும்? ஒருவர் பையைத் தொலைத்து, பழைய அட்டையை முடக்கச் சொல்லிப் புது அட்டை வாங்கியிருக்கிறார். நிரல் எழுதுபவர் செல்லும், செல்லாது என்ற குறியைப் பார்க்காமல் கண்ணில் பட்ட முதல் எண்ணை எடுத்தால், தொலைந்த அட்டைக்கு உயிர் வந்துவிடும். கையில் சரியான அட்டையோடு கவுன்டருக்கு வருபவரிடம் ‘நீங்கள் உறுப்பினரே இல்லை’ என்று திரை சொல்லும். எண்ணிக்கை சரிபார்ப்பில் இது தெரியவே தெரியாது, ஏனென்றால் ஆட்களின் எண்ணிக்கை இரண்டு பக்கமும் ஒன்றாகவே இருக்கும்.

அட்டை எண் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். பல நூலகங்களில் பார்கோடு 14 இலக்கம் கொண்டது. 2-ல் தொடங்கினால் உறுப்பினர், 3-ல் தொடங்கினால் புத்தகம். அடுத்த நான்கு இலக்கங்கள் நூலகத்தைக் குறிக்கும், அடுத்த எட்டு வரிசை எண், கடைசி இலக்கம் முன்னால் உள்ள 13 இலக்கங்களிலிருந்து கணக்கிடப்படும் சரிபார்ப்பு எண். இந்தக் கோப்பை யாராவது ‘ஒரு பார்வை பார்க்கலாம்’ என்று எக்செல்லில் இரட்டைச் சொடுக்கில் திறந்து, அப்படியே சிஎஸ்வியாக, அதாவது காற்புள்ளியால் பிரித்த எளிய எழுத்துக் கோப்பாகச் சேமித்துவிட்டால் முடிந்தது. நீளமான எண்ணை எக்செல் அறிவியல் குறியீடாகச் சுருக்கிக் காட்டும், திரையில் காட்டியதையே கோப்பிலும் எழுதிவிடும். ஆயிரக்கணக்கான உறுப்பினர்களுக்கு ஒரே அட்டை எண் வந்து நிற்கும். பூஜ்யத்தில் தொடங்கும் எண்களில் முன்னால் உள்ள பூஜ்யங்கள் காணாமல் போகும். அந்தப் புலத்தை முதலிலேயே எழுத்து என்று அறிவித்துத் திறந்தால் இந்தத் தொல்லை இல்லை. நான் செய்வது: நூலகத்திடமிருந்து வந்த மூலக் கோப்பை யாரும் எழுத முடியாதபடி பூட்டி ஓரிடத்தில் வைத்துவிடுவேன். எல்லாத் திருத்தமும் நிரலில்தான், கையால் ஒரு கட்டத்தைக்கூடத் தொடுவதில்லை. அப்புறம் ஒவ்வொரு எண்ணுக்கும் சரிபார்ப்பு இலக்கத்தைக் கணக்கிட்டுப் பார்ப்பேன். தவறான இலக்கத்தோடு வரும் எண்கள் பெரும்பாலும் யாரோ விசைப்பலகையில் தட்டெழுதியவை. அவற்றுக்குப் பின்னால் அநேகமாக ஒரு இரட்டைப் பதிவு ஒளிந்திருக்கும்.

தேதிகள் வேறு வகைச் சிக்கல். பழைய மென்பொருள்களில் ஆண்டை இரண்டு இலக்கத்தில் வைத்திருப்பது உண்டு. மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம் 70 முதல் 99 வரை உள்ளதை 1900-களாகவும், 00 முதல் 69 வரை உள்ளதை 2000-களாகவும் எடுத்துக்கொள்ளும். 1945-ல் பிறந்த பெரியவர் 2045-ல் பிறக்கப் போகும் குழந்தை ஆகிவிடுவார். எக்செல்லுக்கு வேறு எல்லை. பொது நூலகங்களுக்கு மூத்தவர்களும் நிறைய வருகிறார்கள் என்பதை நினைத்தால், இது ஓரமாக நடக்கும் தவறு இல்லை என்பது புரியும். பிறந்த தேதி தெரியாதபோது ஊழியர்கள் 1900 ஜனவரி 1 என்று போட்டிருப்பார்கள். அந்தத் தேதிக்காரர்கள் கூட்டமாக வருவார்கள். வெறுமையாக விட வேண்டியதை வெறுமையாகவே விடுவதுதான் நேர்மை.

காலாவதி தேதிக்கு மட்டும் வெறுமையாக விடுவது ஆபத்து. கோஹாவின் உறுப்பினர் இறக்குமதியில் அந்தப் புலம் காலியாக இருந்தால், சேர்ந்த தேதியிலிருந்து அந்த வகை உறுப்பினருக்கு உரிய காலத்தைக் கூட்டி அதுவே போட்டுக்கொள்ளும். பல ஆண்டுகளுக்கு முன் சேர்ந்து, வருடா வருடம் புதுப்பித்து, நேற்றுவரை புத்தகம் எடுத்தவர், புதிய மென்பொருளின் முதல் நாளில் காலாவதியானவராக நிற்பார். நம்பிக்கையோடு தொடர்ந்து வருபவர்களைத்தான் இது முதலில் அடிக்கும்.

பெயர்களைப் பற்றிச் சுருக்கமாக. பெரும்பாலான நூலக மென்பொருள்கள் குடும்பப் பெயர், முதற்பெயர் என்று இரண்டு பெட்டிகள் வைத்திருக்கின்றன; குடும்பப் பெயர் பெட்டி காலியாக இருக்கக் கூடாது என்பார்கள். ஒரே சொல்லில் பெயர் உள்ளவர்களுக்கும், தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் போடுபவர்களுக்கும் அந்தப் பெட்டிகள் பொருந்துவதில்லை. பழைய ஊழியர்கள் ஆளுக்கு ஒரு விதமாகச் சமாளித்திருப்பார்கள். முதலெழுத்தைக் குடும்பப் பெயராகப் போட்ட பதிவுகளும், புள்ளியோ கோடோ போட்டு நிரப்பிய பதிவுகளும் ஒரே கோப்பில் இருக்கும். இதை நிரலால் ஒழுங்குபடுத்த முயலக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஒருவருடைய பெயரில் எது எந்தப் பகுதி என்று கணிப்பொறி ஊகிப்பது மரியாதைக் குறைவு. உள்ளபடியே கொண்டுவந்து, அவர் அடுத்த முறை வரும்போது கேட்டுத் திருத்தினால் போதும். எழுத்துக் குறியேற்றம் மட்டும் முன்பே கவனிக்க வேண்டியது. யூனிகோடுக்கு முன் திஸ்கி போன்ற குறியேற்றங்களிலோ, குறிப்பிட்ட எழுத்துரு இருந்தால் மட்டுமே படிக்கக் கூடிய முறையிலோ பதிந்த பெயர்கள், அப்படியே ஏற்றினால் அர்த்தமில்லாத குறிகளாகத்தான் தெரியும்.

இப்போது எனக்கு மிக முக்கியமாகப் படும் இடத்துக்கு வருகிறேன். குறிப்புப் புலம்.

ஒவ்வொரு உறுப்பினர் பதிவிலும் ஊழியர்கள் எதையாவது எழுதி வைக்க ஒரு பெட்டி இருக்கும். வேறு எந்தப் புலத்திலும் அடங்காத எல்லாமே அங்கேதான் போய்ச் சேரும். ‘பெரிய எழுத்து நூல்கள் வேண்டும்’, ‘புத்தகத்தை மகள் வந்து வாங்கிக்கொள்வார்’, ‘நனைந்த புத்தகத்துக்குப் பணம் கட்டிவிட்டார்’ என்ற பயனுள்ள வரிகள் இருக்கும். ‘எப்போதும் சண்டை போடுவார்’, ‘குடித்திருந்தார்’, ‘நம்ப முடியாது’ என்ற வரிகளும் இருக்கும். எழுதியவர் வேலையை விட்டுப் போய் வெகு காலம் ஆகியிருக்கும். எந்தச் சூழலில் எழுதினார் என்று இன்று யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த ஒரு வரி, அந்த மனிதர் ஒவ்வொரு முறை கவுன்டருக்கு வரும்போதும் புதிய ஊழியரின் கண்முன் வந்து நிற்கும்.

நிரல் எழுதுபவருக்குக் குறிப்புப் புலம் மிக எளிதான புலம். எழுத்துக்கு எழுத்து, பழையதிலிருந்து புதியதற்கு. எந்த மாற்றமும் தேவையில்லை. அதனாலேயே யாரும் அதைப் படிப்பதில்லை. கோஹாவில் குறிப்புக்கு இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று இரவல் வழங்கும்போது ஊழியருக்கு மட்டும் தெரிவது. இன்னொன்று உறுப்பினர் இணையத்தில் தன் கணக்கைத் திறந்தால் அவருக்கே தெரிவது. இரண்டையும் மாற்றி இணைத்துவிட்டால் என்ன நடக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. தன்னைப் பற்றி நூலகம் என்ன எழுதி வைத்திருந்தது என்று ஒருவர் வீட்டில் உட்கார்ந்து படிப்பார்.

அதே பெட்டிக்குள் உயிரைக் காக்கும் வரிகளும் இருக்கின்றன. ‘முகவரியை யாருக்கும் சொல்லக் கூடாது, முன்னாள் கணவர் கேட்டாலும்’ என்று ஒரு வரி இருக்கலாம். ‘வீட்டுக்குக் கடிதம் அனுப்ப வேண்டாம், கைப்பேசியில் மட்டும்’ என்று இருக்கலாம். எல்லாக் குறிப்பையும் மொத்தமாக அழித்துவிடலாம் என்று சொல்பவர்களுக்கு இதைத்தான் காட்டுவேன். இந்த வரிகள் குறிப்பாகவே கிடக்கவும் கூடாது. புதிய மென்பொருளில் கடிதம் அனுப்புவதைத் தீர்மானிக்கும் அமைப்பு வேறு இடத்தில் இருக்கும். குறிப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று அது படிக்காது. பழைய இடத்தில் ஒரு ஊழியர் அந்த வரியைப் பார்த்துக் கடிதத்தைக் கையால் எடுத்து ஒதுக்கியிருப்பார். புதிய இடத்தில் அறிவிப்பு தானாகப் போய்விடும். ஆகவே ஒவ்வொரு குறிப்பையும் ஒரு மனிதர் படிக்க வேண்டும். நேரம் ஆகும், நிர்வாகம் முனகும். இருந்தாலும் மற்ற எந்த வேலையைக் குறைத்தாலும் இதைக் குறைக்க நான் ஒப்புக்கொள்வதில்லை.

படிக்கும்போது எதை வைப்பது, எதை விடுவது? கவுன்டர் ஊழியர்களோடு உட்கார்ந்தால் சீக்கிரம் ஒரு அளவுகோல் பிடிபட்டுவிடும். இந்த வரி இருந்தால் இவருக்கு நாம் செய்யும் சேவை நன்றாக இருக்குமா? அவரே அருகில் உட்கார்ந்து இதைப் படித்தால் நாம் தலைநிமிர்ந்து இருக்க முடியுமா? ஐரோப்பாவில் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த பொதுத் தரவுப் பாதுகாப்பு விதிமுறையின் 15-ஆம் பிரிவு, ஒருவர் தன்னைப் பற்றிய தரவைக் கேட்டுப் பெறும் உரிமையைத் தருகிறது. சட்டம் அப்படிச் சொல்லாத இடத்திலும் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்ப்பது நல்லது.

அடுத்தது வாசிப்பு வரலாறு. திருப்பிக் கொடுத்து முடித்த புத்தகங்களின் பட்டியல். பழைய மென்பொருளில் அது இருக்கிறது, அதையும் கொண்டு வாருங்கள் என்று கேட்கும் நூலகங்கள் உண்டு. புள்ளிவிவரத்துக்கு வேண்டும் என்பார்கள். எந்தப் புத்தகம் எத்தனை முறை போனது என்ற எண்ணிக்கை புத்தகத்தின் பதிவில் இருந்தால் போதுமே. யார் எடுத்தார்கள் என்பது அந்தக் கணக்குக்குத் தேவையே இல்லை.

அமெரிக்க நூலகச் சங்கம் 1939-ல் வெளியிட்ட நெறிக்கோவையிலேயே வாசகரைப் பற்றித் தெரியவரும் தனிப்பட்ட தகவலை ரகசியமாகக் காப்பது நூலகரின் கடமை என்று இருக்கிறது. 2001-ல் அங்கே பயங்கரவாதத் தடுப்புக்காகத் தேசபக்திச் சட்டம் வந்தபோது, அதன் 215-ஆம் பிரிவு நூலகப் பதிவுகளையும் கேட்டு வாங்க வழி செய்யும் என்ற கவலை எழுந்தது. பல நூலகங்கள் தேவைக்கு மேல் எதையும் வைத்திருப்பதில்லை என்று முடிவு செய்து, தேவை முடிந்த பதிவுகளை அழித்தன. கையில் இல்லாததை யாரும் பறிக்க முடியாது. 2019 ஜனவரியில் அந்தச் சங்கம் நூலக உரிமைச் சாசனத்தில் தனியுரிமைக்காகவே ஏழாவது பிரிவைச் சேர்த்தது.

பதின்ம வயதில் ஒருவர் ஒரு நோயைப் பற்றியோ, மணமுறிவைப் பற்றியோ, தன் மதத்தைச் சந்தேகித்தோ ஒரு புத்தகம் எடுத்திருப்பார். அதைத் திருப்பிக் கொடுத்த நிமிடத்தில் அவருக்கும் நூலகத்துக்கும் இடையிலான கணக்கு முடிந்தது. அது இன்னும் எங்கோ ஒரு வரிசையில் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்தப் புத்தகத்தை எடுத்திருப்பாரா என்று யோசித்துப் பாருங்கள். என் பரிந்துரை எப்போதும் ஒன்றுதான்: இன்னும் திரும்ப வராத இரவல்களும், பணம் பாக்கி உள்ள இரவல்களும் மட்டும் வரட்டும். தன் பட்டியலைத் தானே வைத்துக்கொள்ள விரும்பிக் கேட்டவர்களுக்கு மட்டும் அதைக் கொண்டுவரலாம். புத்தகப் பதிவில் ‘கடைசியாக எடுத்தவர்’ என்று ஒரு புலம் இருக்கும், அதையும் மறக்கக் கூடாது. வரலாற்றை அழித்துவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கும்போது அது அங்கே உட்கார்ந்திருக்கும்.

பாக்கித் தொகைகளில் தொழில்நுட்பச் சிக்கல் ஒன்று உண்டு. சில மென்பொருள்கள் தொகையைச் சிறிய நாணயக் கணக்கில் முழு எண்ணாக வைக்கும், 12.50 என்பது 1250 என்று இருக்கும். நூறால் வகுக்க மறந்தால் எல்லாருடைய பாக்கியும் நூறு மடங்கு. இதைச் சோதனையில் எளிதாகப் பிடித்துவிடலாம். பிடிக்க முடியாதது, எதற்காக என்றே தெரியாத பாக்கிகள். புத்தகப் பதிவு எப்போதோ நீக்கப்பட்டிருக்கும், தொகை மட்டும் தொங்கிக்கொண்டிருக்கும். என்ன புத்தகம் என்று வாசகர் கேட்டால் சொல்ல நம்மிடம் பதில் இருக்காது. அத்தகைய தொகைகளைத் தள்ளுபடி செய்ய மென்பொருள் மாற்றத்தைவிட நல்ல தருணம் வராது. 2019-ல் சான் ஃபிரான்சிஸ்கோ, சிகாகோ பொது நூலகங்கள் தாமதக் கட்டணத்தையே நிறுத்தின. கட்டணத்துக்குப் பயந்து வராமல் போனவர்களைத் திரும்ப அழைப்பதுதான் நோக்கம். எல்லா நூலகங்களும் அவ்வளவு தூரம் போக முடியாமல் இருக்கலாம். காரணம் சொல்ல முடியாத கடனை மட்டுமாவது விட்டுவிடலாம் என்று கேட்பேன். காரணம் எழுதாமல் ஒருவருக்குப் போட்ட இரவல் தடைகளுக்கும் இதுவே பொருந்தும்.

இரட்டைப் பதிவுகளை இணைப்பதில் பேராசை வேண்டாம். பெயரும் பிறந்த தேதியும் ஒன்று என்பதால் இருவர் ஒருவராகிவிட மாட்டார்கள். இரட்டையர்களின் முகவரியும் ஒன்று, முதலெழுத்தும் ஒன்று. இணைத்த பிறகு பிரிப்பது மிகக் கடினம். சந்தேகம் இருந்தால் இரண்டும் வரட்டும். குழந்தைகளின் பதிவு பெற்றோர் பதிவைச் சுட்டினால் பெற்றோரை முதலில் ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் இணைப்பு அறுந்துபோகும். கடவுச்சொற்கள் குறியாக்கப்பட்டிருந்தால் பழைய மென்பொருளின் முறையைப் புதியது பெரும்பாலும் புரிந்துகொள்ளாது. எல்லாரையும் புதிதாக வைத்துக்கொள்ளச் சொல்வதே வழி. குறியாக்கம் இல்லாமல் அப்படியே எழுதி வைத்திருந்தால், தயவுசெய்து அந்தப் புலத்தைக் கோப்பில் சேர்க்கவே வேண்டாம். அதே கடவுச்சொல்லை அவர்கள் வங்கிக்கும் வைத்திருக்கக் கூடும்.

சோதனைச் சர்வரில் உண்மையான பதிவுகளை ஏற்றும் முன் எல்லா மின்னஞ்சல் முகவரிகளையும் கைப்பேசி எண்களையும் மாற்றிவிட வேண்டும். தாமத அறிவிப்பு அனுப்பும் நிரல் இரவில் தானாக ஓடும். அது சோதனைச் சர்வர் என்று அதற்குத் தெரியாது. திருப்பிக் கொடுத்த புத்தகத்துக்காக ஊர் முழுவதற்கும் கடிதம் போனால், அதற்குப் பிறகு நூலகம் அனுப்பும் எந்தக் கடிதத்தையும் மக்கள் நம்ப மாட்டார்கள்.

சரிபார்ப்பதற்கு எண்ணிக்கையும் கூட்டுத்தொகையும் தேவைதான், ஆனால் அவை மட்டும் போதாது. கவுன்டர் ஊழியர்களிடம் ‘உங்களுக்கு நினைவில் நிற்கும் சிக்கலான உறுப்பினர்கள் யார்’ என்று கேட்பேன். அட்டை தொலைத்தவர், நான்கு குழந்தைகளுக்குப் பொறுப்பேற்றவர், முகவரியை மறைக்கச் சொன்னவர், பாதிப் பணம் கட்டியவர் என்று அவர்களே அடுக்குவார்கள். அந்த ஒவ்வொருவரின் பதிவையும் பழைய திரையும் புதிய திரையும் அருகருகே வைத்து, வரி வரியாகப் பார்ப்போம். நிரலில் உள்ள ஓட்டைகள் பெரும்பாலும் அங்கேதான் தெரியவருகின்றன. ஊழியர்களுக்கும் புதிய திரை அப்போதே பழகிவிடுகிறது.

மாற்றம் முடிந்த பிறகும் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. பழைய மென்பொருளிலிருந்து எடுத்த கோப்பு, இடைக்கால நகல்கள், சோதனைத் தரவுத்தளம், யாரோ மின்னஞ்சலில் இணைத்து அனுப்பிய ஒரு பகுதி, ஒரு பென் டிரைவ். நாம் புதிய இடத்துக்குக் கொண்டுவராமல் விட்ட குறிப்புகளும் வாசிப்புப் பட்டியலும் இவற்றில் முழுதாக இருக்கின்றன. சில மாதங்களுக்கு அவை தேவைப்படும், ஏதாவது விடுபட்டதா என்று பார்க்க. அதற்கு மேல் தேவையில்லை. எந்தத் தேதியில் அழிப்பது, அழித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவது யார் என்பதைத் திட்டம் தொடங்கும் நாளிலேயே எழுதி வைக்கச் சொல்கிறேன். முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், அதற்குள் எல்லாரும் அடுத்த வேலைக்குப் போயிருப்பார்கள்.